நீல வாய் மான்

சங்கரன்கோவில் வட்டாரத்தில் ஆடு தும்மினால் சந்தோஷப்பட்டு ஓடிவரும் மனுசன் ஒருத்தர்தான் இருந்தார். தும்மல் டாக்டர். நிஜப் பெயரை எவனும் கேட்கவில்லை. காட்டு மிருகத்துக்கும் வீட்டு ஆட்டுக்கும் நடுவே நோய் எப்படிப் போய்வருகிறது என்று ஆராய வந்தவர், என் ஆடுகளைப் பிடித்துக்கொண்டார்.

குச்சியில் பஞ்சைச் சுற்றி ஆட்டின் மூக்கில் விடுவார். பிறகு ஆட்டிடம் "ஸாரி" என்பார். என்னிடம் ஒருநாளும் சொன்னதில்லை. மத்தியானம் மலையடிவாரக் குளத்தங்கரையில் குப்புறப் படுத்து, எந்த ஆடு எதை உரசுகிறது என்று பார்த்துக்கொண்டிருப்பார். எவனோ செத்துக் கிடக்கிறான் என்று போலீசுக்குப் போன்கூடப் போனது.

அந்த வருஷம் பனவடலிசத்திரத்துப் பக்கம் ஆட்டுக்கொல்லி நோய். அங்கிருந்துதான் என் மச்சான் வருஷாவருஷம் தன் ஆடுகளை ஓட்டிவருவான். இரண்டு மந்தையையும் சேர்த்து, வாசுதேவநல்லூர் வயல்களில் உரத்துக்காக ராத்திரி அடைத்துக் கிடை போடுவோம்.

"இந்தத் தடவை சேக்காதீங்க அண்ணாச்சி," என்றார் டாக்டர்.

"அவன் ஆடு நல்லாத்தான மேயுது?"

"நோய் உள்ள இருக்கும். வெளிய தெரியாது."

"வெளிய தெரியாதது உமக்கு மட்டும் எப்படிவே தெரியுது?"

மனுசன் ஏதோ நீலப் பொடியை எண்ணெயில் குழைத்து ஒரே ஒரு ஆட்டின் மூக்கில் தடவினார். நக்கினாலும் ஒன்றும் செய்யாதாம்.

சாயங்காலம் பார்த்தால் மந்தை முழுக்க நீல மூக்கு. தண்ணீர்த் தொட்டி நீலம். நாய் நீலம். குட்டியைத் தோளில் தூக்கிவந்த என் கன்னமும் நீலம்.

"என்ன, கிருஷ்ணர் வேஷமா?" என்றாள் சோறு கொண்டுவந்த என் வீட்டுக்காரி.

நாலு வார்த்தை கேட்கலாம் என்று குளத்துக்குப் போனேன். டாக்டர் என் கையைப் பிடித்து உட்காரவைத்தார். வெயில் இறங்கியிருந்தது. மலை தண்ணீருக்குள் தலைகீழாகக் கிடந்து லேசாக ஆடியது. புதருக்குள்ளிருந்து மான்கள் வந்தன. சத்தமே இல்லை. என் ஆடுகள் கடித்து மிச்சம் வைத்த கொடியையே கடித்தன. ஒரு மான் நிமிர்ந்து எங்களைப் பார்த்தது. வாயோரம் நீலம்.

திட்ட வந்தவன், என் கன்னத்து நீலத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

"உங்க ஆட்டுக்கு நான் ஊசி போட்டுருவேன் அண்ணாச்சி," என்றார் மெதுவாக. "அதுக்கு யாரு போடுவா?"

மச்சானுக்குப் போன் போட்டு, வராதே என்றேன். "நீரெல்லாம் ஒரு சொந்தக்காரராவே?" என்று கத்தினான். ஒரு வாரத்தில் அவன் ஆடுகளில் பாதி போயிற்று. மிச்சத்தை டாக்டர் அங்கேயே கிடந்து காப்பாற்றினார். என் மந்தையில் ஒன்றும் சாகவில்லை. மான்களும் வழக்கம்போலக் குளத்துக்கு வந்தன.

வேலை முடிந்து அவர் ஊருக்குக் கிளம்பிய அன்று பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். என்னைக் கண்டதும் பையைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்தார்.

"என்ன அண்ணாச்சி? எந்த ஆட்டுக்கு?"

"ஆடெல்லாம் சுகமாத்தான்வே இருக்கு. எனக்குத்தான் ஒரு மாதிரியா இருக்கு."