மாதா வந்த லுங்கி பார்ட்டி

கோவாவுக்கு ஒரே ஒரு தடவை போய்விட்டு வந்தவனைக் கொஞ்ச நாளைக்குத் தனியாக விடக்கூடாது. ஏதாவது தொழில் ஆரம்பித்துவிடுவான். நான் ஆரம்பித்தேன்.

அப்போது மணலியில் ஒரு கன்டெய்னர் யார்டில் சூப்பர்வைசர் வேலை. நண்பர்களோடு கோவா போய் ஒரு பார்ட்டி ஹாஸ்டலில் தங்கினேன். அறை முழுக்க அடுக்குக் கட்டில்கள், பொழுது சாய்ந்தால் மொட்டைமாடியில் பாட்டு, முதுகில் மூட்டையைச் சுமந்து ஊர் ஊராகச் சுற்றும் வெளிநாட்டுப் பிள்ளைகள். அந்த இடத்தை நடத்தியவன் நாற்காலியில் சாய்ந்து எல்லோரையும் பார்த்துச் சிரித்ததைத் தவிர வேறு வேலை செய்து நான் பார்க்கவில்லை. அதுதான் என்னை ரொம்பக் கவர்ந்தது. எங்கள் ராயபுரத்தில் கடல் இல்லையா, மொட்டைமாடி இல்லையா என்று ரயிலில் வரும்போதே முடிவு செய்துவிட்டேன். (கடல் இருக்கிறது. எங்கள் மாடியில் தண்ணீர்த் தொட்டி மேல் ஏறி நின்றால், துறைமுகத்தின் இரண்டு கிரேன்களுக்கு நடுவில் ஒரு துண்டு தெரியும்.)

வேலையை விட்டாயிற்று. அம்மாவைச் சம்மதிக்க வைப்பதற்குள்தான் தாவு தீர்ந்துவிட்டது. அம்மா ஸ்டெல்லா நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். அப்பா போன பிறகு வீட்டில் அவள் சொன்னதுதான் சட்டம்.

"பாரு ஜெரோமு, மாடியில ஆபீஸ் போடறேன்னு கிளியரிங் ஏஜென்ட் ஒருத்தரு கேட்டுகினே கீறாரு. உனக்கோசரம் அவரை நிக்க வெச்சிருக்கேன். வூட்டுக்குள்ள சரக்கு வரக்கூடாது. தெருவுல ஒருத்தரும் நம்மளைப் பத்தித் தப்பா பேசக்கூடாது. பேசினாங்கன்னு வெச்சுக்கோ, அன்னிக்கே சாவி அந்தாளு கைல. நீ மறுபடியும் மணலி பஸ்ல தொங்கிகினு போ."

எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். சரக்கு இல்லாத பார்ட்டி ஹாஸ்டல் என்பது மீன் இல்லாத மீன்குழம்பு என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை. "வடசென்னையின் முதல் பார்ட்டி ஹாஸ்டல், கடல் தெரியும் மொட்டைமாடி" என்று இணையத்தில் போட்டேன். பல நாள் ஈ ஓட்டிய பிறகு மூன்று பேர் வந்தார்கள். டென்மார்க்கிலிருந்து ஃப்ரேயா, ஈடா என்று இரண்டு தோழிகள். மெக்சிகோவிலிருந்து தியேகோ. மூவருமே, வாடகை குறைவு என்பதால்தான் வந்தோம் என்று முகத்துக்கு நேராகவே சொன்னார்கள்.

இவர்களை அசத்திவிட வேண்டும் என்று சனிக்கிழமை சாயங்காலம் "லுங்கி பார்ட்டி" அறிவித்தேன். எல்லோரும் லுங்கியில் வர வேண்டும். பன்னீர் சோடா இலவசம். சனிக்கிழமையைத் தேர்ந்தெடுத்ததற்கு ஒரு காரணம் உண்டு. அது அக்டோபர், ஜெபமாலை மாதம். எங்கள் தெருக் கத்தோலிக்கக் குடும்பங்கள் சேர்ந்த ஜெபக்குழுவுக்கு அன்பியம் என்று பெயர். அந்த மாதம் முழுக்க மாதா சிலையை, எங்கள் பாஷையில் சுரூபத்தை, நாளுக்கு ஒரு வீடாக எடுத்துப்போய் வைத்து ஜெபம் சொல்வார்கள். சனிக்கிழமை ஃப்ளோரா ஆன்ட்டி வீடு, ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீடு. ஆக, சனிக்கிழமை அம்மா ஃப்ளோரா ஆன்ட்டி வீட்டில் முழங்காலில் இருக்கும்போது நான் மாடியில் பார்ட்டியை முடித்துவிடலாம். என்ன மூளை பாருங்கள்!

என் தோஸ்து மணி வாடகைக்கு ஸ்பீக்கரும் சீரியல் செட்டும் விடுபவன். வெள்ளிக்கிழமையே வந்து, மாடியிலிருந்து வாசல்வரை சரம் சரமாக விளக்கைத் தொங்கவிட்டான்.

"இன்னாத்துக்குடா இத்தினி லைட்டு?" என்றாள் அம்மா.

"ஞாயித்துக்கெயமை மாதா வராங்கல்ல, அதுக்கோசரந்தாம்மா."

வாயில் வந்ததைச் சொல்லிவிட்டேன். அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. உடனே அன்பியத் தலைவி சகாயம் ஆன்ட்டிக்கு போன் போட்டு, "எம் புள்ள மாதாவுக்கு இன்னாமா ஜோடிச்சு வெச்சுகிறான் தெரியுமா!" என்றாள். ஆன்ட்டியிடம் ஒரு செய்தியைச் சொன்னால் கோவில் மணியை அடித்த மாதிரி. பொழுது சாய்வதற்குள் தெருவுக்கே தெரிந்துவிட்டது. அப்போதும் நான் விளக்கைக் கழற்றவில்லை.

சனிக்கிழமை மதியம் மழை கொட்டித் தீர்த்தது. சாயங்காலம் மழை விட்டதும் பார்ட்டி தொடங்கியது. குத்துப்பாட்டு. டென்மார்க் பெண்கள் டீ-ஷர்ட்டுக்கு மேல் லுங்கியை அக்குள்வரை ஏற்றிக் கட்டியிருந்தார்கள். தியேகோ லுங்கியை மட்டும் கட்டிக்கொண்டு, சட்டை இல்லாமல் ஆடினான். நான் நாற்காலியில் சாய்ந்து எல்லோரையும் பார்த்துச் சிரித்தேன்.

கைப்பிடிச் சுவரோரம் நின்றிருந்த மணி திரும்பினான். "மாமு, ஜனம் வருது. மெய்குவத்தி எல்லாம் புட்ச்சிகினு வராங்க. இவ்ளோ பேருக்கா சொல்லிவெச்ச?"

எட்டிப் பார்த்தேன். முன்னால் சுரூபத்தை ஏந்தியபடி சகாயம் ஆன்ட்டி. பக்கத்தில் பெருமை பொங்க அம்மா. பின்னால் அன்பியம் மொத்தமும். நடந்தது இதுதான்: ஃப்ளோரா ஆன்ட்டி வீட்டுக்குள் மழைத் தண்ணீர் புகுந்துவிட்டது. மாதாவைக் கையில் வைத்துக்கொண்டு எங்கே போவது என்று தெருவில் நின்றவர்கள் கண்ணில், ஜெகஜோதியாக எங்கள் வீடு பட்டிருக்கிறது. "ஸ்டெல்லா வூடு ரெடியா கீது பாரு, அங்கயே போலாம் வாங்க" என்று சகாயம் ஆன்ட்டி திருப்பிவிட்டார்.

"பாட்டை நிறுத்துடா!" என்று கத்தினேன். மணி பதறிப்போய்ப் பிடுங்கியது சீரியல் செட்டின் வயரை. வீடு இருண்டது, குத்துப்பாட்டு மட்டும் தொடர்ந்தது. தியேகோ கீழே மெழுகுவத்திகளைப் பார்த்து, "ஜெரோம், இவ்வளவு பெரிய பார்ட்டி என்று நீ சொல்லவே இல்லையே!" என்று ஆங்கிலத்தில் கூவிக்கொண்டே படியில் இறங்கி ஓடினான். நான் அவன் பின்னால் ஓடினேன்.

வாசலில் அவனும் அன்பியமும் நேருக்கு நேர் நின்றார்கள். மணி அதற்குள் சரியான வயரைக் கண்டுபிடித்திருந்தான். பாட்டு நின்று விளக்கு எரிந்தது. அந்த வெளிச்சத்தில் எல்லோரும் பார்த்தது தியேகோவின் நெஞ்சை. நெஞ்சு முழுக்கப் பச்சை குத்திய மண்டையோடு, பல்லை இளித்துக்கொண்டு.

"அய்யோ ஏசுவே!" என்று ஃப்ளோரா ஆன்ட்டி அலறினார். அம்மா என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் மணலி பஸ் தெரிந்தது.

எப்படியாவது அவனை மறைத்துவிட வேண்டும் என்று தோளைப் பிடித்து மாடிப்பக்கம் திருப்பினேன்.

அவன் முதுகு முழுக்க மாதா. சுற்றிலும் ஒளிக்கதிர்கள், நட்சத்திரம் பதித்த நீல முக்காடு, காலடியில் பிறை. அவர்கள் ஊர் மாதாவாம்.

சகாயம் ஆன்ட்டி சிலுவை போட்டுக்கொண்டார். ஃப்ளோரா ஆன்ட்டி மெல்லக் கிட்டே வந்து, அவன் முதுகைத் தொட்டு விரலை முத்தமிட்டுக்கொண்டார். கூச்சம் தாங்காமல் தியேகோ நெளிந்தான். முன்பக்கம் மண்டையோடு, பின்பக்கம் மாதா. இவனை என்ன செய்வது என்று தெருவிலேயே ஆலோசனை நடந்தது. கடைசியில் சகாயம் ஆன்ட்டி தீர்ப்பு சொன்னார்.

"நைனா, நீ அந்தப் பக்கமே திரும்பி நில்லு. இந்தப் பக்கம் திரும்பாத."

நான் மொழிபெயர்த்தேன். எங்கள் கூடத்தில் சுரூபத்துக்குப் பக்கத்தில் சுவரைப் பார்த்தபடி, அவிழப் பார்க்கும் லுங்கியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு தியேகோ நின்றான். யாரோ அவன் தோளில் ஒரு முழம் மல்லிகையும் போட்டுவிட்டார்கள். டென்மார்க் பெண்கள் அம்மா கொடுத்த சேலையைப் போர்த்திக்கொண்டு முழங்காலிட்டார்கள். (முழங்காலிட்டும் அவர்கள் சகாயம் ஆன்ட்டி உயரம் இருந்தார்கள்.) நான் கடைசி வரிசையில், வாழ்க்கையில் அதுவரை இல்லாத பக்தியோடு ஜெபித்தேன். என் வேண்டுதல் என்ன என்று சொல்லத் தேவையில்லை.

ஜெபமாலையின் முதல் பத்து மணிகளை உருட்டி முடிப்பதற்குள் சுவர்ப்பக்கமிருந்து ஸ்பானிஷில் முணுமுணுப்பு கேட்டது. இங்கே "அருள் நிறைந்த மரியே" என்றால் அங்கேயும் அதுவே, அவன் பாஷையில். ஜெபம் முடிந்ததும் அவன் சட்டையை மாட்டிக்கொண்டு வந்து தன் அம்மாவுக்கு வீடியோ கால் போட்டான். அங்கே காலை. அந்த அம்மாள் தலையில் துண்டோடு வந்து, மல்லிகைச் சரத்தோடு நிற்கும் மகனையும் மாதா சுரூபத்தையும் பார்த்து ஓவென்று அழுதார். மகன் வீட்டை விட்டுக் கிளம்பியதிலிருந்து கோவில் பக்கமே போயிருக்க மாட்டான் என்று நினைத்திருந்தாராம். (சரியாகத்தான் நினைத்திருந்தார்.) எங்கள் அம்மா போனை வாங்கிக்கொண்டு சமையலறைக்குப் போனாள். வெகுநேரம் பேசினாள். இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு வார்த்தை கிடையாது.

எல்லோரும் சுண்டல் வாங்கிக்கொண்டு போன பிறகு அம்மா கையை நீட்டினாள்.

"மாடி சாவியைக் குடு."

கொடுத்தேன்.

"அந்த ஏஜென்ட்டை வேற எடம் பாத்துக்க சொல்லு. அந்தம்மாகிட்ட வாக்கு குடுத்துட்டேன், உம் புள்ளைய நான் பாத்துக்கறேன்னு. இன்னும் எத்தினி புள்ளைங்க இப்டி அம்மாவ வுட்டுட்டு சுத்துதோ, பாவம். இனிமே மாடிய நான் பாக்கறேன். மாதா பேரைச் சொல்லிப் பொய் சொன்னல்ல, மாசம் முடியற வரைக்கும் சுரூபத்தை நீதான் தூக்கற."

எந்த பாஷையில் வாக்குக் கொடுத்தாள் என்று இன்றுவரை தெரியவில்லை. ஆனால் காப்பாற்றினாள். தியேகோ ஒரு மாதம் தங்கி, இரண்டு சுற்று பெருத்துத்தான் ஊர் போனான். போனதும், "இந்தியாவிலேயே சிறந்த பார்ட்டி. எட்டரைக்கு முடிந்துவிடும், சுண்டல் தருவார்கள்" என்று இணையத்தில் எழுதினான். அதைப் படித்துவிட்டு இன்றும் ஆள் வருகிறது. சனிக்கிழமைதோறும் ஜெபமாலை, சுண்டல்; தெருவே அதைப் பார்ட்டி என்றுதான் சொல்கிறது. அம்மா முதலாளி. நான் போர்வை துவைக்கிறேன்.

இரண்டு வருடம் கழித்து திருவொற்றியூரிலிருந்து எனக்கு ஒரு சம்பந்தம் வந்தது. பார்ட்டி ஹாஸ்டல் வைத்திருக்கும் பையனாமே என்று பெண்ணின் அப்பா கோவில் வாசலில் சகாயம் ஆன்ட்டியைப் பிடித்து விசாரித்தார்.

"தங்கமான புள்ள சார்," என்றாராம் ஆன்ட்டி. "அவுங்க வூட்டு பார்ட்டிய நான் ஒரு வாட்டி கூட வுட்டதில்ல. போன வாட்டி முட்டி புட்ச்சிகினு எய்ந்திருக்கவே முடியல, ரெண்டு பேரு தூக்கிவுட்டாங்க."

பெண்ணின் அப்பா அப்படியே ஆட்டோ பிடித்துத் திருவொற்றியூர் போய்விட்டார். அந்த ஆட்டோவைத் திருப்பிக் கொண்டுவர எங்கள் கோவில் பங்குச் சாமியாரே நேரில் போக வேண்டியிருந்தது.