மாமனார் கம்ப்யூட்டரைச் சுத்தம் செய்தேன்

புது மாப்பிள்ளைக்கு மாமனார் வீட்டில் ஒரே வேலைதான். போட்டதைச் சாப்பிட்டுவிட்டுத் தூங்க வேண்டும். அதைக்கூட ஒழுங்காகச் செய்யத் தெரியவில்லை எனக்கு.

மாமனார் ஓடைப்பட்டியில் ஓய்வுபெற்ற வாத்தியார். கொஞ்சம் திராட்சைத் தோட்டமும் உண்டு. மச்சினன் கல்யாணப் பத்திரிகையைத் தன் பழைய கம்ப்யூட்டரில் அவரே தயார் செய்துகொண்டிருந்தார். (அதை ஆன் செய்துவிட்டுத் தோட்டத்துக்குப் போய்த் தண்ணீர் பாய்ச்சிவிட்டு வரலாம். அவ்வளவு வேகம்.)

"மாமா, உள்ள டெம்பரரி ஃபைலா குமிஞ்சு கெடக்கு. ஆஃப் பண்றப்பல்லாம் தானா அழியிற மாதிரி வச்சிர்றேன்."

"ஒங்களுக்குத் தெரியாததா மாப்ள, செய்யிங்க."

செய்தேன். அத்தை சந்தோஷத்தில் எனக்கு இன்னொரு ஆம்லெட் வைத்தார்.

மறுநாள் கம்ப்யூட்டர் சட்டென்று திறந்தது. பத்திரிகைதான் திறக்கவில்லை.

அச்சகத்தார் அனுப்பிய மாதிரியை மாமா மெயிலிலிருந்தே திறந்திருக்கிறார். அப்படித் திறந்தால் அது டெம்பரரி ஃபைல்களோடு போய் உட்கார்ந்துகொள்ளும். தினமும் அதிலேயே சேவ் செய்து வந்திருக்கிறார். யார் பெயர் முன்னால், யார் பின்னால் என்று வீடு வீடாகப் போன் போட்டு, சமாதானம் பேசி, ஒற்றை விரலால் அடித்த பெயர்கள். எங்கள் பக்கம் பத்திரிகையில் பெயர் கீழே இறங்கினால் அந்தக் குடும்பமே கல்யாணத்துக்கு வராது.

ரீசைக்கிள் பின்னுக்கும் போகாதபடி அழித்திருந்தேன். (அதில் மட்டும் கெட்டிக்காரன்.)

அத்தை மாமாவிடம் கேட்டார்: "ஆத்தாடி! மாப்ள சுத்தம் பண்ணாகன்னு சொன்னீக. சொந்தக்காரவுகளையேல்ல தொடச்சு விட்டுட்டாக!"

மாமா கதவைச் சாத்திக்கொண்டு எல்லாப் பெயரையும் ஞாபகத்திலிருந்தே திரும்ப அடித்து, சாயங்காலமே அச்சுக்கு அனுப்பிவிட்டார்.

பத்திரிகை வந்தது. வரிசை பிசகவில்லை. கேரளாவில் இருக்கும் ஒன்றுவிட்ட சித்தப்பாவின் பேரன்வரை இருந்தார்கள். நான் இல்லை. வீட்டின் ஒரே மாப்பிள்ளை! நிஜமாகவே அழுகை வந்தது.

"அடடா, மறந்துட்டேன் மாப்ள" என்றார் மாமா. மறந்தவர் முகம் மாதிரி அது இல்லை.

மண்டபத்தில் "பேரு போடலையே, எதுவும் சண்டையா?" என்று கேட்டவர்களிடமெல்லாம் சிரித்துச் சிரித்தே வாய் வலித்தது.

இப்போதும் அந்த வீட்டில் சாவியோ கண்ணாடியோ தொலைந்தால் மச்சினன் ஆறுதல் சொல்வான்: "கெடச்சிரும்மா. நம்ம வீட்ல தொலைஞ்சு கெடைக்காமப் போனது மச்சான் பேரு ஒண்ணுதான்."

முதலில் சிரிப்பது என் மனைவி.