கடைசித் தொகுதி எப்போது வரும்?

தொலைபேசி அடித்ததுமே கிளெமென்றுக்குத் தெரிந்துவிட்டது, மேபல் டீச்சர்தான் என்று. ஞாயிறு பூசை முடிந்து வந்த மனிதர் இன்னும் சப்பாத்தைக்கூடக் கழற்றவில்லை.

"கிளெமென்ற், மகன், அது முடிஞ்சுதோ?"

"எது டீச்சர்?" என்றார், எது என்று நன்றாகத் தெரிந்திருந்தும்.

"வேற எது? திருவெளிப்பாட்டு விளக்கவுரை."

"பாதர் எழுதிக்கொண்டுதான் இருக்கிறார் டீச்சர். இன்னும் கொஞ்சம்..."

"அப்ப முடியேல்லை."

"முடியேல்லை டீச்சர்."

மறுமுனையில் நீளமாய் ஒரு மூச்சு. "ஆண்டவரே!" என்றார் டீச்சர். பிறகு, "சரி மகன், பின்னேரம் வந்திட்டுப் போ. லவ் கேக் வெட்டி வைச்சிருக்கிறன்."

போனை வைத்துவிட்டுக் கிளெமென்ற் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"என்னப்பா, ஏசினவவோ?" குசினிக்குள் இருந்து மனைவி மரியகொறற்றி எட்டிப் பார்த்தார்.

"ஏசினாப் பரவாயில்லையே கொறற்றி. கேக் எல்லோ தாறா! அந்த மூச்சை நீ கேட்டிருக்க வேணும். மனுசி எவ்வளவு ஏங்கிப்போய் இருக்கிறா!"

தனிஸ்லாஸ் பாதர் வேதாகமம் முழுவதற்கும் தமிழில் விளக்கவுரை எழுதப் போகிறேன் என்று கொட்டாஞ்சேனையில் அறிவித்தபோது கிளெமென்றுக்குத் தலைமுடி கறுப்பாக இருந்தது. பாதருக்குத் தலைமுடி இருந்தது. ஆதாமையும் ஏவாளையும் தோட்டத்தை விட்டு வெளியேற்றுவதற்குள்ளேயே முதல் தொகுதி நிரம்பிவிட்டது. இஸ்ராயேல் மக்களைப் பாலைவனத்தைக் கடக்க வைக்கப் பாதர் எடுத்துக்கொண்ட காலம், மோசே எடுத்துக்கொண்ட காலத்தைவிடக் கொஞ்சம்தான் குறைவு. புனித பவுலின் கடிதங்கள் கப்பல் தபாலில் போட்டதுபோல ஆடி அசைந்து ஒவ்வொன்றாக வந்தன. இப்போது மிச்சம் இருப்பது ஒரேயொரு தொகுதி. உலக முடிவைப் பற்றிய தொகுதி. அதற்குத்தான் முடிவே வரமாட்டேன் என்கிறது.

வெளியீட்டுக் குழுச் செயலாளர் கிளெமென்ற். துறைமுகத்தில் கிளாக்காக இருந்து ஓய்வு பெற்றவர். கப்பல் பிந்தினால்கூட அது எந்தக் கடலில் நிற்கிறது என்று சொல்லத் தெரிந்தவர். பாதர் எங்கே நிற்கிறார் என்று மட்டும் அவரால் சொல்ல முடியவில்லை. தலைமயிர் வெட்டப் போனால், "என்ன அய்யா, உலகம் முதல்ல முடியுமோ, உங்கட புத்தகம் முதல்ல முடியுமோ?" என்று கேட்கிறார்கள்.

அதெல்லாம் பரவாயில்லை. மேபல் டீச்சர்தான் அவருடைய நெஞ்சில் கிடந்து அறுத்தார். கிளெமென்றுக்கு ஞானோபதேசம் சொல்லிக் கொடுத்தவர். முதல் தொகுதி வருமுன்பே, முழுத் தொகுதிகளுக்கும் முதல் ஆளாகப் பெயர் கொடுத்தவர். அண்மையில் நெஞ்சுவலி என்று ஆஸ்பத்திரியில் கிடந்தபோது கிளெமென்ற் பார்க்கப் போனார். டீச்சர் அவருடைய கையை இறுக்கிப் பிடித்தார்.

"மகன்... அந்தக் கடைசித் தொகுதி... வந்திட்டுதோ?"

"இல்லை டீச்சர்," என்றார் கிளெமென்ற்.

டீச்சர் கையை விட்டார், கண்ணை மூடினார், பச்சைப்பிள்ளை மாதிரி உறங்கிப்போனார். மறுவாரமே எழும்பி வீட்டுக்கும் வந்துவிட்டார். ஆனால் அந்தக் கட்டிலடியில் நின்றே கிளெமென்ற் தீர்மானித்துவிட்டார். டீச்சர் கண்ணை மூடுமுன் அந்தப் புத்தகத்தை அவருடைய கையில் வைத்தே தீருவேன்.

அன்றிலிருந்துதான் ஆரம்பம்.

பங்குமனையில் இருந்தால் பாதருக்கு எழுத நேரமில்லை. ஓய்வு பெற்ற சாமியார்தானே என்று சனம் விடுகிறதா? ஒருத்தர் புது ஓட்டோவை ஆசீர்வதிக்கக் கூப்பிடுவார். இன்னொருத்தர் மருமகளைத் திருத்தச் சொல்லிக் கேட்பார். அதனால் கிளெமென்ற் அவரைத் தூக்கிக்கொண்டு போய் ஹெந்தளையில் வைத்தார். மச்சான் டிலானின் வீடு. டிலான் இத்தாலியில், வீடு கடற்கரையோரமாகச் சும்மா பூட்டிக் கிடந்தது.

பாதர் அங்கே பேய்வேகத்தில் எழுதினார். எக்காளங்கள் முழங்கின, மிருகங்கள் விழுந்தன, பாபிலோன் எரிந்தது. கிளெமென்ற் மெழுகுதிரி கொளுத்தி நன்றி சொன்னார்.

பிறகு ஒருநாள் போனபோது பாதர் மணலில் குந்தியிருந்தார். மடியில் தாள், கையில் பேனை, பேனைக்கு மூடி.

"கிளெமென்ற், புது வானமும் புது பூமியும் வரேக்கை கடல் இருக்காது எண்டு ஒரு வசனம் இருக்கெல்லோ?"

"இருக்கு பாதர்."

"அதை இஞ்ச வலை இழுக்கிற கிழவர் ஒருத்தருக்கு வாசிச்சுக் காட்டினன். அவர் என்ன கேட்டார் தெரியுமோ? 'எதகொட மாளு?' சிங்களத்தில, அப்ப மீன் எங்க எண்டு!"

கிளெமென்ற் கடலைத் திரும்பிப் பார்த்தார்.

"கடலை நம்பிப் பிழைக்கிற சனத்திட்டப் போய், மோட்சத்தில கடல் இல்லை எண்டு நான் எந்த வாயால சொல்லுறது? நீயும் துறைமுகத்து ஆள்தானே. கடல் இல்லாட்டி உனக்குப் பென்சன் ஏது?"

"மோட்சத்தில எனக்கு என்னத்துக்குப் பாதர் பென்சன்?"

"அது உன்ர பிரச்சினை. மீனுக்கு நான் பதில் சொல்ல வேணும்."

அதோடு பேனை நின்றது. வசனத்தைத் தாண்டிப் போய் மிச்சத்தை எழுதச் சொன்னார் கிளெமென்ற். அதைப் பாதர் எழுதினார். நடுவில் அந்த ஒரு வசனத்துக்கு மட்டும் தாள் வெள்ளையாகவே கிடந்தது. அது இல்லாமல் புத்தகம் இல்லை என்று அடம்பிடித்தார்.

கடலைப் பார்த்தால்தானே இந்தப் பிரச்சினை? கிளெமென்ற் பாதரைப் பெட்டியோடு பாமன்கடைக்கு மாற்றினார். கொறற்றியின் தங்கை ஷெரோமியின் வீட்டு மேல்மாடி. யன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுத் தண்ணித்தாங்கிதான் தெரியும். அத்தோடு விடாமல், அந்த வசனத்தை ஒரே பின்னேரத்தில் தீர்த்துவிடலாம் என்று வெள்ளவத்தையிலிருந்து ஜொனாதன் மாஸ்டரையும் கூட்டிக்கொண்டு வந்தார். மாஸ்டர் மெதடிஸ்த சபைக்காரர், பழைய பள்ளிக்கூட அதிபர், கிரேக்கம் படித்தவர். குடையும் தடித்த அகராதியுமாக ஏறி வந்தார்.

ஒரு பின்னேரம் போய், பல பின்னேரங்கள் ஆயின. ஷெரோமி போன் எடுத்தாள்.

"அத்தான், இவை ரெண்டு பேரும் எனக்கு விசர் பிடிக்கப் பண்ணுகினம். கடல் எண்டால் தீமைக்கு அடையாளம் எண்டு மாஸ்டர் சொல்லுறார். இல்லை, உப்புத் தண்ணிதான் எண்டு பாதர் நிக்கிறார். தேத்தண்ணி ஊத்தி ஊத்தி என்ர பால்மா முடிஞ்சுது!"

கிளெமென்ற் ஓடினார். பாதர் முகம் மலர்ந்திருந்தது.

"வா, வா! நல்ல செய்தி. மாஸ்டரும் நானும் ஒரு முடிவுக்கு வந்திட்டம்."

"வசனத்துக்கோ பாதர்?"

"இல்லை, புத்தகத்துக்கு. கடைசித் தொகுதி இனி ரெண்டு தொகுதி. ரெண்டாவது முழுக்கக் கடல்."

இதை எப்படி டீச்சரிடம் சொல்வது? கொட்டாஞ்சேனை வீட்டின் முன்னறையில் தலையைக் குனிந்துகொண்டே கிளெமென்ற் சொன்னார்.

"ரெண்டா?" என்றார் டீச்சர். அவருடைய முகத்தில் வந்தது அழுகையா சிரிப்பா என்று தெரியவில்லை. உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தார். "சீனியம்மா! பெட்டிக்குள்ள இருக்கிற ரிச் கேக்கையும் எடுத்துக்கொண்டு வா!"

சீனியம்மா ஹற்றன் பக்கத்திலிருந்து வந்து டீச்சரோடு நெடுங்காலமாக இருப்பவள். சமையலும் அவள்தான், மருந்து கொடுப்பதும் அவள்தான். தட்டைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, "நல்லா சாப்புடுங்க சார்," என்று கிளெமென்றைப் பரிவோடு பார்த்தாள்.

வீட்டுக்கு வந்த கிளெமென்ற் கொறற்றியிடம் புலம்பினார். "அதிர்ச்சியில அவவுக்கு என்ன செய்யிறது எண்டே தெரியேல்லை. கிறிஸ்மஸ் கேக்கை எல்லாம் வெட்டித் தாறா!"

"அப்ப ஒரு திகதி வையுங்கோவன்," என்றார் கொறற்றி. "வெளியீட்டு விழா எண்டு கோயில்ல சொல்லிவிட்டால் பாதர் வெக்கத்துக்காவது முடிப்பார்."

அருமையான யோசனை. அடுத்த ஞாயிறு பூசையிலேயே அறிவித்தாயிற்று. அழைப்பிதழும் அச்சுக்குப் போயிற்று. பாதருக்குச் சொல்ல அன்றைக்கே பாமன்கடைக்குப் போனார் கிளெமென்ற்.

பாதர் கதிரையை விட்டு எழும்பிவிட்டார். "ஆரைக் கேட்டுத் திகதி வைச்சனீ? மேபல் டீச்சர் பூசைக்கு வந்திருந்தவவோ?"

"வந்திருந்தா பாதர். கேட்டவுடன நெஞ்சைப் பிடிச்சுக்கொண்டு கோயில் வாங்கில இருந்திட்டா. பாவம், சந்தோசம் தாங்கேலாமல்."

பாதர் தலையில் கை வைத்தார். அன்று பிடித்த காய்ச்சல் அவருக்கு விடவே இல்லை. உடம்பு சுடவில்லை, தேர்மோமீற்றர் ஏறவில்லை. ஆனாலும் காய்ச்சல் என்றார். பேனையைத் தொட்டால் கை நடுங்குகிறது என்றார். ஆனால் மாஸ்டரோடு சதுரங்கம் விளையாடும்போது நடுங்கவில்லை என்று ஷெரோமி சொன்னாள்.

சில நாளில் சீனியம்மா போன் எடுத்தாள். "சார், டீச்சரம்மா படுத்துட்டாங்க. சோறு எறங்கல. 'உண்மையாவே வருதா, உண்மையாவே வருதா'ன்னு அதையேதான் கேட்டுக்கிட்டு இருக்காங்க."

கிளெமென்ற் போனை வைத்துவிட்டுச் சப்பாத்தை மாட்டினார். ஆசைப்பட்டுக் காத்திருந்த மனுசி, விளிம்பிலே வந்து போய்விடுவாரோ? இனிப் பாதரை நம்பிப் பயனில்லை.

அன்று பின்னேரம் பாதரும் ஜொனாதன் மாஸ்டரும், கடலை நேரில் பார்த்து ஒரு முடிவெடுப்பதாக வெள்ளவத்தைக் கடற்கரைக்கு நடந்து போயிருந்தார்கள். கிளெமென்ற் மேல்மாடிக்கு ஏறினார். குருசு அடையாளம் போட்டுக்கொண்டார். மேசையில் கிடந்த தாள்க்கட்டை அப்படியே துவாயில் சுற்றி எடுத்துக்கொண்டு இறங்கினார்.

"அத்தான், இது களவெல்லோ?" என்றாள் ஷெரோமி.

"பாவசங்கீர்த்தனத்தில சொல்லுறன்."

"ஆரிட்ட, அவரிட்டயோ?"

அதற்குப் பதில் சொல்லாமல் அவர் ஓட்டோவில் ஏறி ஜிந்துப்பிட்டிக்கு விட்டார். அங்கேதான் ஸாலிஹ் நானாவின் அச்சகம்.

"மாஷா அல்லாஹ், வந்திட்டா?" என்று நானா எழுந்து நின்றே கட்டை வாங்கினார். "அய்யா, எங்கட வாப்பா மௌத்தாகப் போகக்குள்ள செல்லின கடைசிப் பேச்சே, 'கிளெமென்ற் அய்யாட கடைசிப் புத்தகத்துக்குக் கடதாசி எடுத்து வை' எண்டுதான்."

"முதல்ல ஒரேயொரு பிரதி நானா. மிச்சம் ஆறுதலா அடிப்பம். ஒரு சீவன் காத்துக்கொண்டிருக்கு."

நானாவின் மகள் ஷிம்னா கணினியில் இரவு பகலாகத் தட்டி முடித்தாள். ஓரிடத்தில் மட்டும் நின்று கிளெமென்றைக் கூப்பிட்டாள்.

"அங்கிள், இந்த எடத்தில ஒண்டுமே இல்லையே. வெள்ளையா ஈக்குது."

கடல்! கிளெமென்ற் வேர்த்துப்போனார். கண்ணை மூடிக் கொஞ்சம் யோசித்தார். பிறகு, வாழ்க்கையில் முதற்தடவையாக வேதாகமத்துக்கு விளக்கவுரை எழுதினார்: "இவ்வசனத்தின் பொருளை அங்கே போனதும் நேரில் கேட்டறியலாம்."

ஸாலிஹ் நானா வாசித்துப் பார்த்துத் தலையாட்டினார். "நல்லாத்தான் ஈக்குது. போனவன் ஒருத்தனும் திரும்பி வந்து கொம்ப்ளேன் பண்ண ஏலாது."

கட்டிய பசைகூடக் காயவில்லை. புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கிளெமென்ற் கொட்டாஞ்சேனைக்கு ஓட்டமும் நடையுமாகப் போனார். வழியில் தெரிந்தவர்கள் கூப்பிட்டதும் காதில் விழவில்லை. கர்த்தரே, இன்னும் கொஞ்சநேரம், அந்தப் படியில் நான் ஏறுமட்டும் அவவை விட்டு வையும் என்று மன்றாடிக்கொண்டே போனார்.

டீச்சர் வீட்டுக் கேற்றைச் சீனியம்மா திறந்தாள்.

"டீச்சர்... இருக்கிறாவோ?" மூச்சு வாங்கியது.

"இருக்காங்க சார். இப்பதான் கொஞ்சம் கஞ்சி குடிச்சாங்க. நேத்துக்கு இன்னைக்குத் தேவல."

"தெய்வமே, நன்றி!" கிளெமென்ற் புத்தகத்தை இரண்டு கையாலும் உயர்த்தினார். "பாருங்கோ! கடைசித் தொகுதி! ரெண்டு இல்லை, ஒண்டுதான், முழுக்க முடிஞ்சுது! முதல் பிரதி டீச்சருக்கு. அவவின்ர கையில நானே குடுக்க வேணும்."

சீனியம்மாவின் முகம் வெளுத்தது. இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள். பிறகு ஓரடி முன்னால் வந்து கேற்றை அடைத்துக்கொண்டு நின்றாள்.

உள்ளேயிருந்து டீச்சரின் மெல்லிய குரல் கேட்டது. "ஆரது சீனியம்மா? கிளெமென்றோ?"

"இல்ல டீச்சரம்மா, மீன்காரன்!" என்று உரக்கச் சொன்னாள் சீனியம்மா.

"என்ன இது?" கிளெமென்ற் திகைத்துப்போனார். "விடுங்கோ என்னை! இவ்வளவு காலமும் இதுக்குத்தானே அவ உயிரைக் கையில பிடிச்சுக்கொண்டு இருக்கிறா!"

சீனியம்மா புத்தகத்தைத் தன் தோளில் கிடந்த துவாயால் மூடி, அவரை வீதிப்பக்கம் தள்ளிக்கொண்டே காதோடு சொன்னாள்:

"அதத்தான் நானும் சொல்றேன் சார்! கடைசிப் பொஸ்தகம் கைக்கு வர்ற அன்னைக்கு என்னைய எடுத்துக்கோ, அது வரைக்கும் தொடக் கூடாதுன்னு டீச்சரம்மா அந்தோனியாருகிட்ட நேந்து வச்சிருக்காங்க. நம்ம தனிஸ்லாஸ் சாமிதானே அதுக்குச் சாட்சி!"