மச்சான் அனுப்பிய பிளாஷும் என் மகளின் இடது கன்னமும்

பேகம்பூர், திண்டுக்கல்
வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்குப் பிறகு

சென்னைப் பட்டணத்தில் கேமராக் கடைக் கவுண்டருக்குப் பின்னால் நிழலில் நின்று சம்பாதிக்கும் என் அருமை மச்சான் சனாவுல்லாவுக்கு, உன் அக்கா புருஷன் நைனா முகமது ஸலாம் சொல்லி எழுதிக்கொள்வது. இவ்விடம் நானும் உன் அக்கா ஜெய்தூன் பீவியும் மகள் நசீம் பானுவும் உயிரோடு இருக்கிறோம். சுகம் என்று எழுதலாம்தான், பொய் எழுத ஆண்டவன் மேல் பயமாக இருக்கிறது.

நீ அனுப்பிய பிளாஷ் கன், அதன் ஒயர், மீந்துபோன பல்புகள் எல்லாவற்றையும் பார்சல் கட்டி வைத்துவிட்டேன். இந்தக் கடிதத்தோடு வரும். எங்கேயாவது ஆழமான கிணறு பார்த்துப் போட்டுவிடு. பினாங்கில் ரொட்டிக் கடை வைத்திருக்கும் முனீருக்கு நம் நசீமைக் கேட்டு வந்தார்கள், பெண்ணின் படம் ஒன்று வேண்டும் என்றார்கள் என்பதெல்லாம் உனக்குத் தெரியும். ஸ்டூடியோவுக்குக் கூட்டிப் போவோம் என்றதற்கு உன் அக்கா, "கண்டவன் கறுப்புத் துணிக்குள்ள தலைய விட்டுக்கிட்டு எம் மகள உத்துப் பாப்பான், நீங்க பக்கத்துல நின்னு வேடிக்கை பாப்பீகளாக்கும்?" என்று ஒரு போடு போட்டாள். அதனால்தான், தோல் பதனிடும் ஷாப்பில் ஆட்டுத் தோலைத் தரம் பிரிப்பது தவிர வேறொன்றும் அறியாத நான், ஐம்பது வயதில் போட்டோகிராபர் ஆனேன். பெட்டிக் கேமரா ஒன்று இரவல் கிடைத்தது. நம் வீட்டுக்குள் பட்டப்பகலிலேயே பூனை சுவரில் முட்டிக்கொள்ளும் என்பதால், ஆரம்பக்காரனுக்கு எந்த பிளாஷ் நல்லது என்று உன்னிடம் கேட்டேன். அதுதான் நான் செய்த தப்பு.

நீ நாலு பக்கம் எழுதினாய். தோளில் பேட்டரிப் பெட்டி தொங்கும் பெரிய பிளாஷ் வேண்டாம், உங்கள் இடுப்புக்கு ஆகாது, பல்பு பிளாஷே போதும் என்றாய். அதோடு நின்றிருக்கலாம். "கேமரா மேலேயே மாட்டிவிடாதீர்கள் மச்சான், முகம் சப்பாத்தி மாதிரித் தட்டையாகத் தெரியும். ஒயர் போட்டுப் பக்கவாட்டில் தள்ளிப் பிடியுங்கள், அப்போதுதான் மேடு பள்ளம் தெரியும்" என்றும் எழுதினாய். அதைப் பிடிக்க ஒரு ஸ்டாண்டு வாங்கச் சொன்னாய். வீட்டில் உன் அக்கா இருக்கும்போது ஸ்டாண்டு எதற்கு என்று நான் நினைத்தேன். அதன் பலனைக் கேள். முதல் பல்புக்கு அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டு, பாம்பைப் பிடிப்பது போல் கையை நீட்டிச் சுவர்ப் பக்கம் திருப்பிவிட்டாள். மகள் இருட்டில் போய்விட, சுவரிலிருந்த பல்லி செதில் செதிலாக அவ்வளவு அழகாகப் படத்தில் விழுந்தது. பல்லிக்கு வரன் பார்த்திருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும். ஒரு படத்துக்கு ஒரு பல்பு என்பதால், இரண்டாவது பல்பு எரிந்ததும் அதைச் சூட்டோடு கழற்றப் போய் என் விரல் பொத்துப் போயிற்று. "ஒங்க மச்சான் அனுப்புனது வெளக்கா, அடுப்பா?" என்று அவள் கேட்டாள். அவன் உன் தம்பியடி என்று முனகிக்கொண்டே விரலைத் தண்ணீரில் முக்கினேன்.

மூன்றாவதற்கு நசீமை முக்காலியில் உட்காரவைத்து, முகத்தை இப்படித் திருப்பு, அப்படிச் சாய் என்று நான் சொல்லிக்கொண்டிருந்தேன். அவள், "அத்தா, ஆட்டுத்தோலப் பாக்குற மாதிரி என்னையப் பாத்தா நான் எப்புடிச் சிரிக்கிறது?" என்று கேட்டுச் சிரித்த நேரம், பல்பு எரிந்தது. படம் விழுந்தது.

அதற்குப் பிறகுதான் எங்கள் இரண்டு பேருக்கும் ஒரு விஷயம் உறைத்தது. பிலிமைக் கழுவ அதே ஸ்டூடியோக்காரர் ராயப்பராஜிடம்தான் கொடுக்க வேண்டும். எந்த மனுஷன் கண்ணில் படக்கூடாது என்று இத்தனை பாடுபட்டோமோ, அவர் இருட்டறைச் சிவப்பு விளக்கடியில் ஒரு சாயங்காலம் முழுக்க என் மகள் முகத்தைத் தண்ணீரில் அலசிக்கொண்டிருந்தார். உன் அக்காவுக்கு நான் இதை இன்னும் விளக்கிச் சொல்லவில்லை. படம் தானாகக் காகிதத்துக்கு வந்துவிடும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். நீயும் வாயைத் திறக்காதே.

படத்தைக் கையில் வாங்கிப் பார்த்தேன் மச்சான். எங்கள் ஷாப்பில், நேர் வெளிச்சத்தில் பார்த்தால் எல்லாத் தோலும் முதல் தரம்தான். சன்னலோரம் சாய்த்துப் பிடித்தால்தான் முள் கீறலும் உண்ணி கடித்த புள்ளியும் எழுந்து நின்று சாட்சி சொல்லும். இத்தனை வருஷம் அந்தச் சாட்சியைக் கேட்டே கஞ்சி குடித்தவன், பெற்ற மகளுக்கும் அதே கோணத்தைத் தேடிப் பிடித்து வெளிச்சம் போட்டிருக்கிறேன். அவளுடைய இடது கன்னத்து அம்மைத் தழும்பு ஒன்று விடாமல் நிழலோடு நின்றது. வீட்டில் அது எங்கள் கண்ணுக்குத் தெரிவதே இல்லை. இவளுக்கு மூத்தவளை வாரிக்கொண்டு போன அதே அம்மை, இவளை மட்டும் தழும்போடு விட்டுவிட்டுப் போனது. அந்தக் குழந்தைக்கு ஒரு படம்கூட இல்லை.

ராயப்பராஜ் நல்ல மனுஷன். "பாய், மொகத்தத் தொங்கப் போடாதீக. பென்சில வச்சு நெகட்டிவ்ல செத்த நேரம் தடவுனா அம்புட்டும் போயிரும். இந்த ஊருல எந்தப் பொண்ணு போட்டோவ நான் தடவாம விட்டுருக்கேன்?" என்றார். எனக்கும் சபலம்தான். ஆனால் எங்கள் ஷாப்பில் ஒருவன் முள் ஓட்டையில் பசை தடவி முதல் தரம் என்று கப்பலேற்ற, மொத்தச் சரக்கும் அதே கப்பலில் திரும்பி வந்ததை நான் பார்த்திருக்கிறேன். தோல் திரும்பி வந்தால் முதலாளி நாலு வசவு வைவார், தீர்ந்துபோகும். பெண் திரும்பி வந்தால்? தடவ வேண்டாம் என்று சொல்லி, உள்ளது உள்ளபடி பினாங்குக்குத் தபாலில் சேர்த்துவிட்டேன்.

அன்றிலிருந்து பதில் இல்லை. கீரனூரில் இருக்கும் முனீரின் தாயார் கமர்ஜஹானிடம் நேரில் போய்க் கேட்டதற்கு, "போட்டோ பையன் கைக்குப் போயிருச்சுங்க. ஒண்ணுமே சொல்ல மாட்டேங்கிறானுங்க" என்று சொல்லிவிட்டு, எனக்கு டீயில் சர்க்கரையை அதிகமாகப் போட்டுக் கொடுத்தார். அந்தச் சர்க்கரையிலேயே எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. உன் அக்கா என்னோடு பேசுவதில்லை. கறியாணக் குழம்பு காய்ச்சுவது நின்று மாதமாகிறது, வெறுஞ்சோறும் ஊறுகாயும்தான். நசீம் மட்டும் ஒன்றும் நடக்காதது மாதிரி வளைய வருகிறாள். அதைப் பார்க்கத்தான் எனக்குத் தெம்பில்லை.

இனிமேல் உன் கடைக்கு எவனாவது ஆரம்பக்காரன் வந்து பிளாஷ் கன் கேட்டால், அதையும் ஒயரையும் எடுத்துக் காட்டுவதற்கு முன்னால், யாரைப் படமெடுக்கப் போகிறாய் என்று கேள். பெற்ற பிள்ளை என்றால் கேமரா மேலேயே மாட்டி அனுப்பு. சப்பாத்தியாகவே விழட்டும். ஆட்டுத்தோல் என்றால் மட்டும் ஒயரைக் கொடு.

உன் பெண்டாட்டி பிள்ளைகளுக்கு அல்லாஹ் நீண்ட ஆயுளையும் மங்கலான வெளிச்சத்தையும் தரட்டும் என்று துஆ செய்யும்,

உன் மச்சான்
நைனா முகமது

பின்குறிப்பு: உறையை ஒட்டப் பசை தேடிக்கொண்டிருந்தபோது தபால்காரர் சோலைமலை பினாங்குக் கடிதத்தைக் கொண்டுவந்து கொடுத்தார். முனீருக்குச் சம்மதமாம். தேதி வைக்கச் சொல்லி, தன் படத்தையும் சேர்த்து அனுப்பியிருக்கிறான். உன் அக்கா அழுது முடித்துக் கறியை அடுப்பில் ஏற்றினாள். அதற்குள் நசீம் அந்தப் படத்தை எடுத்துக்கொண்டு சன்னலோரம் போய், நான் தோலைப் பிடிப்பது போலவே சாய்த்துப் பிடித்துப் பார்த்தாள். "அத்தா, நாளெல்லாம் அடுப்படியில நின்னு ரொட்டி போடுறவரு. மூஞ்சியில ஒரு மரு இல்ல, ஒரு புள்ளி இல்ல. இது தோலே இல்லத்தா, மாவு. என்னைய ஒக்கார வச்ச அதே வெளிச்சத்துல அவரையும் ஒக்காரச் சொல்லுங்க. அந்தப் படம் வரட்டும், பாத்துட்டு நான் சம்மதம் சொல்றேன்" என்று சொல்லிவிட்டுப் படத்தை என் கையில் திருப்பித் தந்தாள்.

ஆகவே மேலே எழுதியது எதையும் மனசில் வைத்துக்கொள்ளாதே. பார்சல் வருகிறது, அதைக் கிணற்றில் போடாமல் பினாங்குக்கு அனுப்பு. பல்பு நிறையப் போடு, ஸ்டாண்டும் ஒன்று சேர்த்து வை, பாவம், அவனுக்கு அங்கே ஜெய்தூன் இல்லை. மகள் பேச்சைக் கேட்டு உன் அக்கா கறியைப் பாதி வேக்காட்டிலேயே இறக்கிவிட்டாள். இன்றைக்கும் எனக்கு ஊறுகாய்தான். ஆனாலும் மச்சான், இரண்டு கை சோறு கூடவே இறங்கியது.