கரடி வீட்டு மசாலா மிக்சி

ஒரு காட்டில், கரண்ட் வந்து சேர்ந்த பிறகு, வேதவல்லி என்றொரு கரடி இருந்தாள். நல்லவள். அவள் புருஷன் முத்தரசனும் நல்லவர்தான், சாப்பாடு முன்னால் வரும்வரை.

பாக்கெட் மிளகுத்தூள் போட்ட ரசத்தை அவர் மோந்து பார்ப்பார். வாசனையே இல்லை என்று கிண்ணத்தைத் தள்ளிவிட்டு எழுந்து போய்விடுவார். வேதவல்லி தனியாக உட்கார்ந்து சாப்பிடுவாள். அது அவளுக்கு வலித்தது. பக்கத்தில் உட்கார்ந்து ஒரு வேளை அவர் நிம்மதியாகச் சாப்பிட்டால் போதும், வேறொன்றும் அவள் கேட்கவில்லை.

அதற்காகவே மசாலா அரைக்கிற குட்டி மிக்சி ஒன்றை வாங்கினாள். கடைக்காரக் குரங்கு ஜார் நிறைய மிளகைக் கொட்டி, பொத்தானை அமுக்கி, நொடியில் தூளாக்கிக் காட்டியிருந்தது. ரசத்துக்கு ஒரு ஸ்பூன் மிளகுதானே வேண்டும் என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது.

ஒரு ஸ்பூன் மிளகு பிளேடில் சிக்கவில்லை. மிக்சி மட்டும் ஊரைக் கூட்டியது. சரி என்று ஜாரை நிரப்பி அரைத்தாள். அன்றைய ரசத்தை முத்தரசன் ஒரு சொட்டு விடாமல் குடித்தார். மறுநாள் மீதித் தூளில் ரசம் வைத்தாள்.

"நேத்து அரைச்சதா?" என்று கேட்டுவிட்டு எழுந்து போனார்.

ஆகவே தினமும் புதிதாக ஒரு ஜார். மீதியைக் கொட்ட மனசு வராமல் பக்கத்து வீட்டு முயல் பூரணிக்குக் கொடுத்தாள். பூரணி தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். விடிந்தால் மானும் கீரியும் முள்ளம்பன்றியும் கிண்ணத்தோடு வாசலில் வரிசையாக நின்றார்கள். சிலர் தனியாவையும் ஏலக்காயையும் கொண்டுவந்து, இதையும் ஒரு சுற்று விட்டுக் கொடுங்களேன் என்றார்கள். ஒவ்வொன்றுக்கும் ஜாரைக் கழுவித் துடைத்துக் காயவைக்க வேண்டும், இல்லாவிட்டால் ஏலக்காயில் மிளகு நெடி ஏறும். எல்லாரையும் அனுப்பி முடிக்கையில் உச்சி வெயிலாகிவிடும். பாவம், அடுப்புப் பற்றவைக்கவே நேரமில்லை.

ஒரு மதியம் முத்தரசனைக் காணோம். தேடிப்போனால், பூரணி வீட்டில் சம்மணம் போட்டு ரசம் குடித்துக்கொண்டிருந்தார்.

"வேதா, இதுதான் ரசம். எப்படி மணக்குது பாரு" என்றார்.

அவளுக்கு அழுகை முட்டியது. அது நான் அரைத்த மிளகு என்று சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் பூரணி அவர் பக்கத்தில் இன்னொரு இலையைப் போட்டு, "உக்காருங்கக்கா, சோறு சூடா இருக்கு" என்றாள்.

காலையிலிருந்து பட்டினி. வேதவல்லி உட்கார்ந்தாள். இருவரும் அருகருகே, வெகு நிம்மதியாகச் சாப்பிட்டார்கள். நாளைக்கும் வரலாமா என்று அவள் தயங்கித் தயங்கிக் கேட்டாள். தூளை மட்டும் மறக்காமல் கொண்டுவரச் சொன்னாள் பூரணி.

அன்று முதல் வேதவல்லி சமைப்பதில்லை.

நீதி: மசாலா மிக்சி அன்றாடச் சமையலுக்கு மிகவும் உகந்தது, சமையல் அடுத்த வீட்டில் நடந்தால்.