செவ்வணுவுக்குக் கரு ஏற்றிய சித்தர்

நானூறு கோடி ஆண்டுகளுக்கு முன்பு கடல்நீரில் ஒற்றைச் செல்லாகத் துடித்த உயிர், தனக்குள் ஒரு கருவை வைத்துக்கொண்டு, செல்லோடு செல் சேர்ந்து, மீனாகி, குரங்காகி, மனிதனாகி, போன ஞாயிற்றுக்கிழமை வடக்குப்பட்டு கல்யாண மண்டபத்தில் டோக்கன் வாங்கி நின்றது. என் டோக்கன் நூற்றுப் பதினாறு.

உள்ளே 'செல் சித்தர்' தாண்டவராயன். ஒருவர் உடைந்த கைபேசியோடு வந்து, விஷயம் தெரிந்து திரும்பிப் போனார். அன்று வந்தவர்களில் விவரமானவர் அவர்தான்.

குழந்தை இல்லாதவர்களின் விரலில் சித்தர் குத்துவார். ரத்தத்தை நுண்ணோக்கியில் வைப்பார். டிவியில் செவ்வணுக்கள் தெரியும், நடுவில் அமுங்கிய இட்லிகள்போல.

"பாத்தீங்களா, செல்லுல கரு இல்ல. அப்பால வயித்துல எப்படிக் கரு நிக்கும்?"

கூட்டம் உச்சுக்கொட்டும். அதுவும் கரு, இதுவும் கரு. வேறென்ன ஆதாரம் வேண்டும்?

பிறகு தீர்த்தம். மறுபடி ஒரு குத்து. ரத்தம் தடவிய கண்ணாடித் துண்டைத் திரைக்குப் பின்னால் கொண்டுபோய் மந்திரம் ஏற்றி வருவார். செல்லுக்குச் செல் ஊதாப் பொட்டு. கரு!

நான் தொழிற்சாலையில் தர ஆய்வாளன். அரை மில்லிமீட்டர் பிசகினால் கார் சீட்டைத் திருப்பி அனுப்புகிறவன். என் மனைவி சசிகலாவின் ரத்தத்தில் பொட்டைப் பார்த்ததும் கும்பிட்டுவிட்டேன்.

"நாப்பத்தெட்டு நாள் தீர்த்தம். ஆஸ்பத்திரி மாத்திரைய இன்னியோட நிறுத்திடு," என்றார் சித்தர்.

ஐந்து வருடம் அலைந்து, போன மாதம்தான் டாக்டர் நம்பிக்கை கொடுத்திருந்தார்.

"இன்னாங்க, நிறுத்திடவா?" என்றாள் சசிகலா. நான் தலையாட்டி, மாத்திரை அட்டையை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

துணைக்கு வந்திருந்த மாடிவீட்டு வேல்விழி, தூத்துக்குடிப் பெண், எழுந்தாள்.

"சாமி, ஒங்க ரத்தத்தக் காட்டுங்க. திரை வேண்டாம், இங்கனயே."

"எனக்கு எதுக்கும்மா?"

"ஒங்களுக்கு ஆறு பிள்ளைன்னு நோட்டீஸ்ல போட்டிருக்கே. கரு குமிஞ்சி கெடக்கும்லா?"

கூட்டம் சிரித்தது. வேறு வழியில்லாமல் சித்தர் குத்திக்கொண்டார். டிவியில் அத்தனையும் காலி இட்லி.

"டேய், சாமிக்கே கரு இல்லடா!" என்று கூட்டத்தில் ஒருவர் கத்தினார்.

வேல்விழி திரையை இழுத்தாள். ஒரு ஊதாச் சாயப் புட்டி. பக்கத்தில் கால் கட்டிய பிராய்லர் கோழி, எங்களைப் பார்த்துக் கொக்கரித்தது. கோழியின் செவ்வணுவில் கரு உண்டு.

சசிகலா என் பையிலிருந்து மாத்திரையைப் பிடுங்கி விழுங்கினாள்.

"நாளைக்கு ஒருத்தன் உனக்கு மூளையே இல்லன்னு டிவில காட்டினா, அதுக்கும் தலையாட்டுவியா? கொஞ்சம் யோசிக்க மாட்டியா?"

மனிதச் செவ்வணுவில் கரு கிடையாது என்பது பள்ளிப் பாடம். இந்த வேலைக்கு வரும்முன் மூன்று வருடம் டியூஷனில் அதை நடத்தியவன் நான்.