ஊசிக்கு முன் வந்த குறட்டை

டாக்டர் விஷ்ணுப்ரியா ஒரு லோரி டிரைவரை ஊசியில்லாமல், மருந்தில்லாமல், வெறும் பேச்சாலேயே தூங்க வைத்தாள். அவர் விட்ட குறட்டையில் கிள்ளானில் பாதி ஊர் சன்னல்கள் அதிர, போர்ட் கிள்ளானில் நின்ற கப்பலொன்று, தன்னைத்தான் யாரோ கூப்பிடுகிறார்களென்று பதிலுக்கு ஹாரன் அடித்தது. நம்பாதவர்கள் நம்ப வேண்டாம்.

மயக்க மருந்து நிபுணராக அன்றுதான் அவள் முதன்முதலில் தனியாக நிற்கிறாள். டாக்டருக்குப் படித்து, பயிற்சி முடித்து, மயக்கம் கொடுக்கவென்றே மறுபடியும் வருஷக்கணக்கில் படித்தவள். பிரிக்பீல்ட்ஸ் சித்தப்பாவுக்கு அது இன்னும் பிடிபடவில்லை. "ஒருத்தனைத் தூங்க வைக்கவா இவ்வளவு படிப்பு? எங்க சங்கத் தலைவர் மைக்கைப் பிடிச்சா மண்டபமே தூங்குது!"

படித்ததெல்லாம் தலையில் பத்திரமாக இருந்தது. கைதான் நடுங்கியது. அது ஆடிய ஆட்டத்தில் அவள் பிடித்திருந்த காகிதங்கள் விசிறியாகி, ஆபரேஷன் தியேட்டர் முன்னறை முழுக்கக் காற்று வீசியது. இந்தக் கையோடு ஊசி ஏற்றுவதா, பேசாமல் பெரிய டாக்டரைக் கூப்பிட்டு, 'என்னால் முடியாது' என்று சொல்லிவிடுவதா?

கட்டிலில் பக்கிரிசாமி, பந்திங் ஊர்க்காரர். லோரியில் தார்ப்பாய் இழுத்துக் கட்டும்போது தோள் தசை கிழிந்து, ஆபரேஷனுக்கு வந்திருந்தார். பக்கத்தில் மனைவி புஷ்பவல்லி.

"அங்கிள், மோதிரம், பொய்ப்பல், அரைஞாண் கயிறு எல்லாம் கழட்டிருங்க."

பக்கிரிசாமி துள்ளி உட்கார்ந்தார். "அரைஞாண் கயிறா? அதைச் சுடுகாட்டுலதானே டாக்டர் அறுப்பாங்க!"

"சரி, சரி, கயிறு இருக்கட்டும், மேல பிளாஸ்டர் ஒட்டிக்கலாம். பயப்படாதீங்க. முடியற வரைக்கும் நான் உங்க தலைமாட்டுலயே உக்காந்திருப்பேன்."

"தலைமாட்டுலயா? ஒப்பாரி வைக்கவா?"

புஷ்பவல்லி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

"அது கிடக்கட்டும், என் தலை இப்ப எந்தப் பக்கம் இருக்கு? வடக்கா?"

வடக்கேதான் இருந்தது. விஷ்ணுப்ரியா தானே கட்டிலைத் திருப்பினாள். இப்போது கால் வாசலைப் பார்த்தது.

"ஐயோ, கால் முன்னாடி போகுதே! எங்கப்பாவை இப்படித்தான் தூக்கிட்டுப் போனாங்க!"

மறுபடியும் திருப்பினாள். நர்ஸ் மார்க்கிரட் எட்டிப் பார்த்து, "டாக்டர், இது என்ன லோரி பார்க்கிங்கா?" என்றாள். அதற்குள் அவர் நெஞ்சில் ஒட்டியிருந்த மானிட்டர் ஒயர் கட்டில் சக்கரத்தில் சிக்கிப் பிடுங்கிக்கொள்ள, திரையில் துள்ளிக்கொண்டிருந்த இதயத்துடிப்பு ஒரே நேர்கோடாகி, பீ...ப் என்று அலறியது.

"கோடு நேராப் போவுது! புஷ்பா, நான் போயிட்டேன்! நான் போயிட்டேன்!"

"போனவங்க இப்படிக் கத்த மாட்டாங்க அங்கிள்!"

சொன்னவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஒயரை மாட்டினாள். நாற்காலியை இழுத்துப் போட்டு, அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"லோரியில உங்க பக்கத்து சீட்டுல உதவிக்கு வர்ற கெலிண்டான் என்ன செய்வாரு?"

"என்ன செய்வான், ஏறினதும் வாயப் பொளந்துட்டுத் தூங்குவான் லா."

"நீங்களும் தூங்குவீங்களா?"

"நல்லா கேட்டீங்க! அவன் உசுரு என் கையிலல்ல இருக்கு?"

"இன்னிக்கு நான்தான் டிரைவர். சர்ஜன் உங்க தோளைப் பாப்பாரு. உங்க மூச்சு, துடிப்பு, ரத்த அழுத்தம் எல்லாத்தையும் நான் பாத்து ஓட்டிட்டே இருப்பேன். வலி தெரியாம கொண்டுபோய், பத்திரமா கண் முழிக்க வெச்சு இறக்கி விட்டுருவேன். நீங்க கெலிண்டான். உங்க வேலை என்ன, சொல்லுங்க?"

பதிலுக்குக் குறட்டை வந்தது.

"நம்பாதீங்க டாக்டர்," என்றாள் புஷ்பவல்லி. "ஊசி போடாம யாரு தூங்குவா? சும்மா நடிப்பு!"

சர்ஜன் சிவேந்திரன் உள்ளே வந்தார். "ஓ, மயக்கம் குடுத்தாச்சா? வெரி குட். தள்ளுங்க தியேட்டருக்கு."

"சார்! நான் இன்னும் ஒரு சொட்டுகூடக் குடுக்கல!"

தூங்க வைக்கவென்றே படித்தவள், தூங்குகிறவரை உலுக்கி எழுப்பி, பேர் என்ன, எந்தத் தோள் என்று கேட்டு, மறுபடியும் முறைப்படி தூங்க வைத்த கதை உலகத்தில் இது ஒன்றாகத்தான் இருக்கும். ஊசி ஒரே முயற்சியில் ஏறியது. அப்போதுதான் தன் கையைப் பார்த்தாள். ஆடாமல் அசையாமல் நின்றது.

சொன்னபடியே தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. கேட்காதென்று தெரிந்தும் இடையில் ஒருமுறை அவர் காதருகே குனிந்து, "பாதி தூரம் வந்துட்டோம் அங்கிள்," என்றாள்.

எல்லாம் முடிந்து, பக்கிரிசாமி கண் விழித்துத் தண்ணீர் கேட்டதும், வெளியே காத்திருந்த புஷ்பவல்லியிடம் போனாள்.

"நல்லா முழிச்சிட்டாரு ஆன்டி. பாவம், ரொம்பப் பயந்துட்டாரு."

புஷ்பவல்லி அவளுடைய இரண்டு கைகளையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

"பயமா, அந்த மனுசனுக்கா? உங்க கை நடுங்குறதப் பாத்துட்டு, 'நாம பயந்தா இந்தப் புள்ள நமக்குத் தைரியம் சொல்லும், சொல்லச் சொல்ல அதுக்கே தைரியம் வந்துரும்'னு என் காதுல சொல்லிட்டுத்தான் அத்தனை கூத்தும் அடிச்சாரு. ஆனா அந்தத் தூக்கத்த மட்டும் நடிப்புன்னு நான் சொன்னது தப்பு டாக்டர், கட்டிக்கிட்ட நாள்லேருந்து நான் கேக்கற குறட்டை, அது நெசமாவே வந்துச்சு!"